முன் இருக்கை

"இனிமே சைக்கிளைத் தொடவே கூடாது" என்று கண் டாக்டர் வியாழக்கிழமை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் யோரிஸ் இரட்டைச் சைக்கிளின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தான். பின் இருக்கையில் மார்லேன். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது.

ஒன்பது வருடமாக லேய ஆற்றங்கரையையும் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்துச் சந்துகளையும் இவன் வாயால்தான் அவள் பார்த்தாள். மேடு, பள்ளம், வளைவு எல்லாவற்றையும் இவன் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இப்போதோ இவனுக்கே குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நேரே கொஞ்சம் தெரிகிறது, பக்கவாட்டில் ஒன்றுமே தெரிவதில்லை. இதைச் சொன்னால் அவள் வீட்டோடு முடங்கிவிடுவாள். முன்னால் உட்கார ஆள் கேட்டுப் பார்வையற்றோர் சைக்கிள் சங்கத்தில் ஏற்கெனவே பதினான்கு பேர் காத்திருக்கிறார்கள். இன்று ஒருநாள் மட்டும் ஓட்டிவிடலாம் என்று நினைத்தான். எவ்வளவு பெரிய மடத்தனம்!

ஆற்றங்கரையில் எப்படியோ தப்பித்தார்கள். திரும்பி ஊருக்குள் நுழைந்ததும் கல் பாவிய தெரு வந்தது.

"பள்ளம்!" என்றான். அதற்குள் சைக்கிள் குலுங்கி முடித்திருந்தது.

"விழுந்து எழுந்தப்புறம் சொல்றியே, ரொம்ப உபகாரம்" என்றாள் மார்லேன்.

"சும்மா தொணதொணன்னு பேசிட்டே வந்தா எப்படிச் சொல்றதாம்?" என்று எரிந்து விழுந்தான். கைப்பிடி வியர்வையில் வழுக்கியது.

டிராம் தண்டவாளம் குறுக்கிட்டது. இடப்பக்கம் தலையைத் திருப்பினான், வலப்பக்கம் திருப்பினான். ஈ காக்கை இல்லை. அழுத்தி மிதித்தான்.

"யோரிஸ், நிறுத்து! வலப்பக்கம் டிராம் சத்தம் கேக்குது!"

இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தான். முன்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் டிராம் தடதடவென்று கடந்து போனது.

"எத்தனை நாளா இப்படி?" என்றாள் மார்லேன்.

"ஈஸ்டர்லேருந்து. டாக்டர் ஓட்டவே கூடாதுன்னுட்டார். உன்கிட்ட சொல்ல வாய் வரலை. ஐயோ, உன்னைக் கொல்லப் பார்த்தேனே!"

"எனக்கு மூணு மாசமாத் தெரியும். எல்லாத்தையும் லேட்டாச் சொல்ல ஆரம்பிச்சே."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுமா ஏறினே? உனக்கென்ன பைத்தியமா?"

"கேட்டா நீ ஓட்டறதையே விட்டுடுவே. எனக்கு ஊரைப் பாக்கணுமே, யோரிஸ்."

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் இறங்கி, தடவிப் பார்த்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இறங்கு. தள்ளிக்கிட்டே போலாம். உனக்குத் தெரியற வரைக்கும் சொல்லு."

"நேரே ஒரு ஜன்னல்" என்று ஆரம்பித்தான். "அதுல செவப்புப் பூ."