ஏழாவது கேள்வி

நீதிமன்றத்தில் மனு வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா, வக்கீலம்மா நீட்டிய அடையாள அட்டையை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு அவளிடமே நீட்டினார்.

"இது ஆத்துக்கு அந்தப் பக்கம்தான் செல்லும். இந்தப் பக்கம் நீங்க வக்கீல் இல்ல."

இருபத்திரண்டு வருஷத்தில் அவளிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. அவள் ஊர் நீதிமன்றத்தில் அவள் எழுந்து நின்றாலே எதிர்த் தரப்பு தண்ணீர் தேடும். பஸ் பாலத்தைத் தாண்ட நாலு நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் அத்தனையும் கழன்று விழுந்துவிட்டது. சட்டம் வேறு, பதிவு வேறு, எல்லை வேறு. உள்ளூரில் ஓணான் பிடிக்காதவன் வெளியூரில் உடும்பு பிடிப்பானா என்பார்கள். உள்ளூரில் உடும்பே பிடித்தவளுக்கு இங்கே ஓணான் பிடிக்கவும் உரிமை இல்லை.

"என் தம்பி உள்ள இருக்கான். நாளை மறுநாள் ஜாமீன் விசாரணை."

"அதுக்கு வழி இருக்கு," என்று குமாஸ்தா ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். "ஒரே ஒரு வழக்குக்கு மட்டும் அனுமதி கேக்கலாம். உங்க ஊர் வக்கீல் கவுன்சில்ல நன்னடத்தைச் சான்று வாங்கணும். இங்க இருக்கற வக்கீல் ஒருத்தரும் கையெழுத்துப் போடணும், உங்க கூடவே உக்காரணும். எல்லா கேள்விக்கும் பதில் எழுதுங்க. வெத்தா விட்டா திரும்பி வந்துடும்."

தம்பி இந்தக் கரைச் சரக்கு முனையத்தில் கிரேன் ஓட்டுபவன். நாலு நாளைக்கு முன்னால் அவன் தூக்கிய இரும்புக் கட்டு பாதியில் நிற்காமல் சரசரவென்று இறங்கி, கீழே நின்ற சக தொழிலாளியின் காலை நசுக்கிவிட்டது. கவனக்குறைவு என்று எழுதி அவனை உள்ளே தள்ளிவிட்டார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்று அவன் சொன்னதை எழுதிக்கொள்ள யாருக்கும் பேனா அகப்படவில்லை.

உள்ளூர் வக்கீலின் அறை டயர் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. படியேறும்போதே ரப்பர் வாடை. தம்பிக்காகத் தெரிந்தவர் மூலம் பிடித்த வக்கீல் அவள், நேற்றே அவனைப் போய்ப் பார்த்திருந்தாள். முப்பதைத் தாண்டியிருக்க மாட்டாள், தொழிலில் ஆறே வருஷம். பக்கத்தில் தூங்கும் குழந்தையை எழுப்பிவிடக் கூடாதே என்பதுபோலப் பேசினாள். இவள் கூடவா நான் உட்கார வேண்டும் என்று வக்கீலம்மாவுக்கு உள்ளுக்குள் கசந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலருகே போய் நின்றாள், திரும்பி வந்து படிவத்தை இழுத்தாள்.

ஆறு கேள்விகளுக்குக் கை விறுவிறுவென்று ஓடியது. ஏழாவதில் நின்றது. 'கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த எல்லைக்குள் அனுமதியின்றிச் சட்டப் பணி எதுவும் செய்ததுண்டா?'

'இ' என்று எழுதிவிட்டாள். 'ல்லை' வரவில்லை.

"ஒரு கடிதம் எழுதறதெல்லாம் சட்டப் பணின்னு வருமா?" என்று கேட்டாள், யாரோ ஒருவருக்காகக் கேட்பதுபோல.

"யாருக்கு எழுதின கடிதம், மேடம்?"

"தம்பி கம்பெனிக்கு. எட்டு மாசம் இருக்கும்."

"உங்க லெட்டர்ஹெட்லயா?"

"ம்."

"சரி பண்ணலன்னா வழக்குப் போடுவோம்னு எழுதினீங்களா?"

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தாள். தவளை தன் வாயால் கெடும். அவள் கையெழுத்தால் கெட்டிருந்தாள்.

"அப்ப சட்டப் பணிதான்," என்றாள் உள்ளூர் வக்கீல். "அது சரி, எதைச் சரி பண்ணச் சொன்னீங்க?"

"கிரேன் பிரேக்கை. பிடிக்க மாட்டேங்குதுன்னு இவன் போன்ல புலம்பினான். சொன்னா எவனும் காதுல போட்டுக்கலன்னான். பதினஞ்சு நாள் கெடு வெச்சு ஒண்ணு அனுப்பினேன். அவங்க முத்திரை குத்தி வாங்கின ஒப்புகைச் சீட்டுகூட என்கிட்ட இருக்கு. பதிலே வரல. வேலை மும்முரத்துல நானும் விட்டுட்டேன்."

உள்ளூர் வக்கீல் கையிலிருந்த தம்ளரை மேஜைமேல் வைத்தாள். "கம்பெனி நேத்து தாக்கல் பண்ணின பதில்ல என்ன சொல்லியிருக்காங்க தெரியுமா? பிரேக் கோளாறுன்னு எங்ககிட்ட யாருமே சொன்னதில்லைன்னு."

டயர் கடையில் யாரோ இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப கடிதத்தைக் கொடுத்துடுவோம். நானே வாதாடறேன்."

"முடியாது, மேடம். கடிதம் உள்ள வந்தா நீங்க சாட்சி. சாட்சி சொன்னவங்க அதே வழக்குல வாதாட முடியாது. உங்க கவுன்சிலுக்கும் தகவல் போகும். வாதாடியே தீரணும்னா கடிதத்தை மறைக்கணும், இந்தக் கேள்விக்குப் பொய் எழுதணும்." குரல் ஏறவே இல்லை. "அதுக்குப் பக்கத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

பிற்பகல் பார்வை நேரத்தில் தம்பியைப் போய்ப் பார்த்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நாலு நாள் தாடியோடு நின்றான்.

"நீ பேசுக்கா. நீ பேசினா போதும். அந்தப் பொண்ணு பேசறது அதுக்கே கேக்குமான்னு தெரியல."

அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தாள். அதன்பிறகு இருப்புக் கொள்ளவில்லை. நீதிமன்றச் சுற்றுச்சுவரை மூன்று முறை சுற்றி நடந்தாள். டீ வாங்கினாள், குடிக்க மறந்து ஆறவைத்தாள். பதிவுக்கு ஆபத்து வருமே என்ற பயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அவளைப் பிடுங்கித் தின்றது அதுவல்ல. சொந்தத் தம்பியின் வழக்கில் வேறொருத்தி பேச, தான் வாயைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதைத்தான் அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நாலாவது சுற்று வரும்போது படிவத்தைப் பையிலிருந்து எடுத்து, நாலாகக் கிழித்து, டயர் கடை மாடிக்குப் போனாள்.

"என்னைச் சாட்சியா போட்டுக்கோ," என்றாள்.

விசாரணை நாளன்று சாட்சிக் கூண்டில் ஏறியபோது காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இத்தனை வருஷம் கீழே நின்று மேலே பார்த்தே பழக்கம். கம்பெனி வக்கீல் சாவகாசமாக எழுந்தார்.

"இந்த எல்லைக்குள்ள தொழில் பண்ண உங்களுக்கு உரிமை உண்டா?"

"இல்ல."

"உரிமை இல்லாமதான் எங்க கட்சிக்காரருக்குக் கெடு வெச்சு மிரட்டல் கடிதம் அனுப்பினீங்களா?"

"அது மிரட்டல் இல்ல. இந்தக் கேள்விக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமே—"

"ஆட்சேபம் சொல்ல உங்க வக்கீல் இருக்காங்க," என்றார் நீதிபதி. "நீங்க பதில் மட்டும் சொல்லுங்க."

வக்கீலம்மா உள்ளூர் வக்கீலைப் பார்த்தாள். அவளோ குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். எழுந்திரு, எழுந்திரு என்று வக்கீலம்மா பல்லைக் கடித்தாள். இன்னும் ஆறேழு கேள்விகள் வந்தன. கடிதம் எந்தத் தேதியில் கம்பெனிக்கு வந்தது, யார் பெயருக்கு வந்தது, எந்த விதியை மீறியது என்று கம்பெனி வக்கீல் தானே ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, இது விதிகளை மதிக்காத ஆள் என்று முடித்தார். அவ்வளவுக்கும் அந்தப் பெண் அசையவில்லை.

பிறகு மெதுவாக எழுந்தாள். நீதிபதி காதைச் சற்று முன்னால் நீட்டினார்.

"இந்தக் கடிதத்தைக் கொடுத்தா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கொடுத்தீங்க?"

"பிரேக் பிடிக்கலன்னு என் தம்பி முன்னாடியே சொல்லிட்டான். அவன் சொன்னதுக்கு வேற அத்தாட்சி இல்ல."

உள்ளூர் வக்கீல் நீதிபதி பக்கம் திரும்பினாள். "கடிதத்தை எழுத இவங்களுக்கு உரிமை இல்லைன்னு அவர் சொல்றார். ஒத்துக்கறோம். ஆனா கடிதம் வரலைன்னு அவர் ஒரு தடவைகூட சொல்லல. எந்தத் தேதியில வந்துதுன்னு அவரே சொன்னார். அப்ப பிரேக் பத்தி யாரும் சொன்னதில்லைங்கற பதில் எப்படி நிஜமாகும்?"

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். கம்பெனி வக்கீல் இல்லாத எதையோ தேடிக் காகிதங்களைப் புரட்டினார். தான் மட்டும் அந்த இடத்தில் இருந்திருந்தால் முதல் கேள்விக்கே துள்ளி எழுந்து அவர் வாயை அடைத்திருப்போம், தேதி அவர் வாயிலிருந்து வந்தே இருக்காது என்று வக்கீலம்மாவுக்குக் கூண்டில் நின்றபடியே புரிந்தது.

மத்தியானத்துக்குள் ஜாமீன் கிடைத்தது. கிரேனைப் பிரித்துச் சோதிக்க உத்தரவாயிற்று. கடிதத்தின் நகல் ஒன்றை ஆற்றுக்கு அந்தப் பக்கக் கவுன்சிலுக்கு அனுப்பவும் உத்தரவாயிற்று.

தம்பி வெளியே வந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. "முதல்ல ஆஸ்பத்திரி," என்றான்.

கட்டுப் போட்ட கால் மேலே தூக்கிக் கட்டப்பட்டிருக்க, அடிபட்டவர் சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். தம்பி கட்டில் ஓரத்தில் நின்றான். அடிபட்டவர்தான் முதலில் திரும்பினார்.

"பிரேக்கைப் பத்தி நானுந்தான் சொன்னேன்," என்றார். "எனக்கு வக்கீல் அக்கா இல்ல."

தம்பி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். அடிபட்டவர் அவன் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு வக்கீலம்மாவைப் பார்த்தார். "என் வழக்கையும் எடுத்துக்கறீங்களா?"

நாக்கு நுனிவரை வந்த சம்மதத்தை அவள் விழுங்கினாள். "எனக்கு இங்க உரிமை இல்ல. டயர் கடை மாடியில ஒரு பொண்ணு இருக்கா. மெதுவாதான் பேசுவா. பக்கத்துல உக்காந்து கேளுங்க."

ஐந்து வாரம் கழித்து அவளுடைய கவுன்சிலிலிருந்து எச்சரிக்கை வந்தது. ஒரு வருஷத்துக்கு எல்லைக்கு அப்பால் எந்த வழக்குக்கும் அனுமதி கேட்கக் கூடாது. அதே வாரம் பிரேக் தேய்ந்து போயிருந்ததாகச் சோதனை அறிக்கையும் வந்து, தம்பியின் பெயர் வழக்கிலிருந்து நீங்கியது. எச்சரிக்கையில் கையெழுத்திட்டு அனுப்பியதும் அவள் டயர் கடை மாடிக்குப் போன் போட்டாள்.

"அந்தக் கால் அடிபட்டவர் வழக்கு எந்த மட்டுல இருக்கு?"

"என் கட்சிக்காரர் விஷயத்தை நான் உங்களுக்குச் சொல்லக் கூடாது, மேடம்," என்றது அந்த மெல்லிய குரல்.

"சரிதான்," என்று வக்கீலம்மா போனை வைத்தாள். வைத்த பிறகும் அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக வெகுநேரம் நடந்துகொண்டிருந்தாள்.