கழிவு போக எண்பத்தொன்பது கிலோ

திண்டிவனம் ராஜ்குமார் மூன்று வருடமாகக் குத்துச்சண்டையில் தங்கம் வாங்குகிறவன். அந்த மூன்று வருடத்தில் அவன் யாரையும் ஒரு குத்துக்கூடக் குத்தியதில்லை, அவனையும் யாரும் குத்தியதில்லை. இதில் களவு எதுவும் கிடையாது. எல்லாம் சட்டப்படி நடந்ததுதான்.

குத்துச்சண்டையில் எடை பார்த்துத்தான் ஆளோடு ஆளை மோத விடுவார்கள். ஐம்பது கிலோக்காரனை எண்பது கிலோக்காரனிடம் விட்டால் அது விளையாட்டாகாது, போலீஸ் கேஸாகும். அதனால் ஐந்தைந்து கிலோவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எண்பத்தைந்திலிருந்து தொண்ணூறு வரை ஒரு பிரிவு, தொண்ணூறுக்கு மேல் எல்லாம் ஒரே பிரிவு. ராஜ்குமார் எண்பத்தெட்டு. விழுப்புரம் வட்டாரத்தில் ஐம்பது, ஐம்பத்தைந்து கிலோவில் குத்துகிற பையன்கள் மழை விட்ட ஈசல் மாதிரி வருவார்கள். எண்பத்தெட்டு கிலோ இருக்கிறவர்களோ நகைக்கடையிலும் ஃபைனான்ஸிலும் ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு மூக்கை உடைத்துக்கொள்ள என்ன தலையெழுத்து?

ஆகவே நாலு தாலுகா குத்துச்சண்டை மன்றம் வருடா வருடம் நடத்துகிற போட்டியில் ராஜ்குமார் காலையில் எடை மேடையில் ஏறுவான், சாயங்காலம் வளையத்துக்குள் ஏறுவான், எதிரே யாரும் இருக்கமாட்டார்கள், நடுவர் அவன் கையைப் பிடித்துத் தூக்குவார். போட்டோ எடுப்பார்கள். மறுநாள் திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரே அவனுடைய ஜிம் வாசலில் 'திண்டிவனத்தின் இடி' என்று ஃப்ளெக்ஸ் நிற்கும். ஜிம்மில் தொங்குகிற மூட்டையை அவன் குத்துகிற அழகைப் பார்க்கவே பத்துப் பேர் வருவார்கள். மூட்டை ஒரு நாளும் திருப்பிக் குத்தியதில்லை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் கலைப்பிரியா வந்தாள். விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பெண் பார்க்கப் போன இடத்தில் காபித் தட்டை வைத்துவிட்டு, தலையைக் குனியாமல் நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"மூணு தங்கம்னா கொறஞ்சது மூணு பேரயாவது அடிச்சிருப்பீங்களே. எனக்கு ஒரு சண்டை பார்க்கணும். பார்த்துட்டு அப்புறம் தேதி குறிக்கலாம்."

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சபையில் எல்லாரும் அவன் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும் பார்த்தாள். ராஜ்குமாருக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. அந்த அவசரத்தில், "அதுக்கென்ன, வாங்க" என்று சொல்லித் தொலைத்தான். பதக்கத்துக்காகப் பொய் சொல்லாதவன் பெண்ணுக்காக உண்மையைச் சொல்லாமல் விட்டான். அதுதான் அவன் செய்த தப்பு.

அடுத்த வாரம் மன்றத்துச் செயலாளர் பெரியதம்பி போன் செய்தார். இவர்தான் அவனுக்குப் பயிற்சியாளரும். மன்றத்தில் ஆள் குறைவு என்பதால் நடுவர் வேலையையும் அவரே பார்த்துக்கொள்வார்.

"ராஜ்ஜு, குட் நியூஸுப்பா. இந்த வருஷம் உன் பிரிவுல ஆள் வந்துருக்குது. விழுப்புரத்துப் பையன், அன்புச்செல்வன். பட்டாளத்துல குத்திக்கினு இருந்தவன், இப்ப லீவுல வந்துருக்கான்."

"எவ்ளோ எடைங்க மாஸ்டர்?"

"தொண்ணூறுக்கு ஒட்டி எழுதிக் குடுத்துருக்கான். போன வருஷம் அவன் அடிச்சதுல ஒருத்தனுக்குத் தாடை நவுந்துடுச்சாம்."

பெரியதம்பிக்கு இது ஏன் நல்ல செய்தியாகப் பட்டது என்று ராஜ்குமாருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அன்று மூட்டையைக் குத்தவே அவனுக்குக் கை எழவில்லை. தாடையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் போல ஒரு யோசனை வந்தது. எடையால் வந்த வினையை எடையாலேயே தீர்த்துக்கொள்ள வேண்டியதுதானே? மூன்றே கிலோ ஏறிவிட்டால் தொண்ணூறுக்கு மேல் போய்விடலாம். அந்தப் பிரிவில் நாலு தாலுகாவிலும் ஒரு மனிதர் கிடையாது. அன்புச்செல்வன் கீழே தனியாக நின்று கையைத் தூக்கிக்கொள்ளட்டும், நாம் மேலே தனியாக நின்று தூக்கிக்கொள்ளலாம். கலைப்பிரியா கேட்டால், 'எதிராளி பயந்து வரல' என்று சொன்னால் போயிற்று.

மூன்று வாரம் தின்றான். ஊரில் மற்ற குத்துச்சண்டைக்காரர்கள் எல்லாம் எச்சிலைத் துப்பித் துப்பி எடை குறைத்துக்கொண்டிருந்தபோது இவன் ஒருத்தன் மட்டும் விக்கிரவாண்டி நெடுஞ்சாலைக் கடையில் லாரிக்காரர்களோடு உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான். வீட்டில் அவன் அம்மா கெங்கம்மாள் கேப்பைக் களியும் கறிக்குழம்பும் மல்லாட்டை உருண்டையுமாக ஊட்டாத குறைதான்.

"கல்யாணக் களை வந்துடுச்சு எம்புள்ளைக்கு" என்று நெட்டி முறித்தாள்.

போட்டியன்று காலை வீட்டுத் தராசில் சரியாகத் தொண்ணூற்றொன்று காட்டியது. வழிக்கு என்று ஆறு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினான்.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில். மணமேடை இருந்த இடத்தில் வளையம் கட்டியிருந்தார்கள். அங்கே போனால் ஒரு குழப்பம். மன்றத்து மின் தராசு காலையில் கரண்ட் ஏறி இறங்கியதில் கருகிப்போயிருந்தது. நாற்பது பேர் உள்ளாடையோடு வரிசையில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். பெரியதம்பி ஓடிப்போய்ப் பக்கத்து மல்லாட்டை மண்டியிலிருந்து வேர்க்கடலை மூட்டை எடை போடுகிற பெரிய தராசைக் கொண்டுவந்தார். தராசு தனியாக வரவில்லை, அதன் கூடவே சவுரிராயனும் வந்தார்.

சவுரிராயன் முப்பது வருடமாக அந்த மண்டியில் எடை போடுகிறவர். தராசை வேறு ஒருத்தர் தொட்டால் அவருக்குப் பொறுக்காது. தோளில் துண்டு, காதில் பென்சில். ஒவ்வொருத்தரையும் மேடையில் ஏற்றி, முள்ளைப் பார்த்து, ஒரு நொடி உதட்டை அசைத்து, ராகமாக எடையைக் கூவினார். பெரியதம்பி எழுதிக்கொண்டார். எடை குறைக்க மூன்று நாள் பட்டினி கிடந்தும் ஒரு கிலோ அதிகமிருந்து அழுதுகொண்டு நின்ற வல்லத்துப் பெண் ஒருத்தி, தராசிலிருந்து இறங்கும்போது சிரித்துக்கொண்டே இறங்கினாள். வரிசை முழுக்க ஒரே பூரிப்பு. எல்லாரும் தங்கள் வீட்டுத் தராசைத் திட்டிக்கொண்டார்கள்.

ராஜ்குமார் ஏறினான். கடைசி வாழைப்பழம் இன்னும் தொண்டையில் இருந்தது.

"எண்பத்தொம்போதூ!" என்று கூவினார் சவுரிராயன்.

ராஜ்குமாருக்குக் காது அடைத்தது. "அண்ணே, இன்னொரு தபா பாருங்க. வூட்ல தொண்ணூத்தொண்ணு காட்டுச்சே!"

"இங்கயும் தொண்ணூத்தொண்ணுதான் காட்டுது. யாரு இல்லன்னா? சாக்குக்கு ஒண்ணு, மண்ணு தூசுக்கு ஒண்ணு. கழிவு போவ எண்பத்தொம்போது."

"நான் இன்னா மல்லாட்டை மூட்டையாண்ணே? சாக்கு எங்க இருக்குது?"

சவுரிராயன் அவனுடைய ஜட்டியை நிதானமாகப் பார்த்தார். "துணி கட்டிக்கினுதானே நிக்கிற? முப்பது வருஷத்துல கழிக்காம ஒரு மூட்டைய எறக்குனதில்ல நான். உனக்காவ மாத்திக்க முடியாது. எறங்கு, ஜல்தி."

விவசாயி வயிற்றில் அடித்தே பழகிய அந்தக் கழிவு, அன்றைக்கு முதல்முறையாக நாற்பது பேர் வயிற்றில் பாலை வார்த்திருந்தது. ஒருத்தன் வயிற்றில் மட்டும் புளியைக் கரைத்தது.

ராஜ்குமார் பெரியதம்பியிடம் ஓடினான். அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

"எடை கூடிப்போச்சுன்னு அழுவுறவன பார்த்துருக்கேன். கொறஞ்சுபோச்சுன்னு அழுவுறவன் நீதாம்ப்பா மொத ஆளு."

"தப்புங்க மாஸ்டர். எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு கிலோ கழிச்சிருக்காரு."

"அப்ப நாப்பது பேரயும் மறுபடி ஏத்தணும். பாதிப் பேரு பிரிவு மாறிப்பூடும். சாயங்காலம் சிறப்பு விருந்தினரு வேற வர்றாரு. பேஜாரு பண்ணாத."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் ராஜ்குமாரையே பார்த்தார்கள். வல்லத்துப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். "அண்ணா, வாய மூடிக்கினு இருங்கண்ணா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

மூடிக்கொண்டான். வேறு வழி? 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொன்னால் ஒருவேளை விட்டிருப்பார்கள். திண்டிவனத்தின் இடி அதை எப்படிச் சொல்லும்?

சாயங்காலம் நாலு மணிக்குச் சிறப்பு விருந்தினர் வந்தார். ஒன்றியத்தில் பெரிய மனிதர். சோபாவில் புதைந்திருந்தவரை இரண்டு பேர் கை கொடுத்து எழுப்பி மைக்குக்கு நடத்திப் போனார்கள். "குத்துச்சண்டையில எடை முக்கியமில்ல தம்பிங்களா, தில்லுதான் முக்கியம்" என்று பேசிவிட்டு, மூச்சு வாங்க, மறுபடி உட்காரவைக்கப்பட்டார்.

கலைப்பிரியா முதல் வரிசையில், பெண் வீட்டார் உட்காருகிற பக்கம் உட்கார்ந்திருந்தாள். கையில் பாப்கார்ன். ராஜ்குமாரைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே ஓடிப்போய்விடலாம் போல இருந்தது அவனுக்கு.

மணி அடித்தது. அன்புச்செல்வன் அமைதியான ஆள். கோபமே இல்லாமல் வந்து, ராஜ்குமாரின் மூக்கில் ஒன்று வைத்தான்.

முப்பத்தோரு வயதில் முதல் குத்து. வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம். ஒரு மனிதனின் கை இவ்வளவு கெட்டியாக இருக்குமா? மூன்று வாரமாகச் சேர்த்த மூன்று கிலோவும் உள்ளே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ராஜ்குமார் கை வீசினான். மூட்டையாக இருந்தால் அந்தக் குத்து பட்டிருக்கும். மூட்டை நகராது, அன்புச்செல்வன் நகர்ந்தான். அடுத்தது விலாவில் விழுந்தது. ராஜ்குமார் உட்கார்ந்துவிட்டான்.

பெரியதம்பி எண்ண ஆரம்பித்தார். நாலு எண்ணும்போது ராஜ்குமார் முதல் வரிசையைப் பார்த்தான். கலைப்பிரியா பாப்கார்னைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றிருந்தாள். எழுந்திருக்காவிட்டால் இத்தோடு முடிந்துவிடும் என்று உடம்பு கெஞ்சியது. அவனுக்கே தெரியாமல் ஏழில் எழுந்து நின்றான். நின்றதற்கு இன்னும் மூன்று குத்து கிடைத்தது. முதல் சுற்றில் ஒரு நிமிடமும் நாற்பது வினாடியும் ஆனபோது பெரியதம்பி குறுக்கே புகுந்து சண்டையை நிறுத்தினார்.

சமையல்கட்டுப் பக்கம் ஒரு பெஞ்சில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தவன் பக்கத்தில் அன்புச்செல்வன் வந்து உட்கார்ந்தான்.

"ரொம்ப அடிச்சுட்டேனாண்ணா? எனக்கே இந்தப் பிரிவு சந்தேகமாத்தான் இருந்துச்சு. காலைல வூட்ல பார்த்தா தொண்ணூத்தொண்ணரை. சரி, தொண்ணூறுக்கு மேல தள்ளிடுவாங்கன்னு நினைச்சுக்கினுதான் வந்தேன். எப்படியோ எண்பத்தொம்போதரைன்னு கூவிட்டாரு."

ராஜ்குமார் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தான். சவுரிராயன் கழித்திருந்தாலும் இவன்தான், கழிக்காமல் இருந்திருந்தாலும் இவன்தான். மூன்று வாரப் பரோட்டா அவ்வளவும் தண்டம். ராஜ்குமாருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் மூக்கிலிருந்து மறுபடி ரத்தம் வந்தது.

"ஆடாம இருங்க" என்று ஒரு குரல். கலைப்பிரியா. கைப்பையிலிருந்து பஞ்சு எடுத்து, பழகிய கையோடு, இரண்டு மூக்குத் துளையிலும் அடைத்தாள். அன்புச்செல்வன் மெல்ல எழுந்து போய்விட்டான்.

"இதுக்கு முன்னாடி யாரயெல்லாம் அடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"யாரயும் இல்ல. மூணு வருஷமும் எதிர்ல ஆளே வரல. சும்மா நின்னேன், கைய தூக்குனாங்க." மூக்கில் பஞ்சோடு சொன்னதால் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. சொன்ன பிறகு அவனுக்கு மனசு லேசானது.

அவள் அவன் மேலுதட்டில் வழிந்திருந்த ரத்தத்தைத் துடைத்தாள். "இத அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, விழுந்து விழுந்து சிரிச்சிருப்பேன். அப்பவே சரின்னும் சொல்லியிருப்பேன்."

"இப்ப?"

அதற்குள் பெரியதம்பி மூச்சிரைக்க ஓடிவந்தார். "ராஜ்ஜு, ஒரு யோசனை. தொண்ணூறுக்கு மேல பிரிவுல யாரும் இல்ல, அந்தத் தங்கம் சும்மாக் கெடக்குது. விருந்தினரு பெரிய பிரிவுக்குத்தான் தன் கையால பதக்கம் போடுவேன்னு ஒக்காந்துருக்காரு. நீ சொன்ன மாதிரி கழிவ எடுத்துட்டா நீ தொண்ணூத்தொண்ணு. மறுபடி எடை போட்டதா எழுதிக்கறேன். வெள்ளியும் வாங்கிக்க, தங்கமும் வாங்கிக்க."

காலையில் இதே மனிதரிடம் இதைக் கேட்டுத்தான் கெஞ்சினான். ராஜ்குமாருக்கு ஒரு கணம் ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். நாலாவது தங்கம், புது ஃப்ளெக்ஸ். கலைப்பிரியா பஞ்சுப் பொட்டலத்தை மடித்துக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாணாங்க மாஸ்டர். வெள்ளி போதும். அதுக்குத்தான் அடி வாங்குனேன்."

"அப்ப தங்கத்த இன்னா பண்றது?" என்று பெரியதம்பி புலம்பிக்கொண்டே போனார். மன்றத்துக்கு அது பெரிய சிக்கலாக இருக்கவில்லை. அங்கே இருந்தவர்களிலேயே எடை கூடியவர் சிறப்பு விருந்தினர்தான். அவர் கழுத்திலேயே போட்டார்கள். அவரும் மறுக்காமல் குனிந்து வாங்கிக்கொண்டு, தில்லைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை பேசினார். கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது.

ராஜ்குமார் வெள்ளியோடு வெளியே வந்தபோது கலைப்பிரியா ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தியிருந்தாள்.

"நாளைக்குக் காலைல எங்க வூட்டுக்கு வாங்க. தேதிக்கு இல்ல. இப்ப என்கிட்ட சொன்னத எங்கப்பா எதிர்ல ஒக்காந்து நீங்களே சொல்லணும். மூணு தங்கத்தையும் சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காரு. அவரு சரின்னாதான் எனக்கும் சரி."

அவளுடைய அப்பா ராஜாமணி ஐம்பது கிலோ தேறமாட்டார். மூட்டை தூக்கி அறியாத கை, மெலிந்த கழுத்து, குரலும் சன்னம். அவரை நினைத்ததும் ராஜ்குமாருக்குப் பயமாக இருந்தது. அன்புச்செல்வனுக்கு முன்னால்கூட இவ்வளவு பயம் இல்லை.

"வர்றேன்" என்றான்.