மோட்டார் சத்தம்

வந்துட்டாரு. தண்ணி இன்னும் கொதிக்கலையே.

அடுப்பைப் பற்றவைத்து, பால் கலக்காத தேநீருக்குத் தேயிலை டப்பாவைத் திறந்த பிறகுதான் முரியலுக்குக் கூடத்தில் ஜெபமாலை சொல்வது கேட்டது. கணவர் பெர்னாட் அங்கே சவப்பெட்டிக்குள் இருந்தார். வெளியே அவருடைய மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தவன் மகன் ஜாரெட். வந்தவர்களுக்குக் குளிர்பானம் கலக்க ஐஸ் வாங்கப் போயிருந்தான்.

பூனைகள் வேலியோரமாக ஓடி அவன் காலைச் சுற்றின. ஐஸ் பையை முகர்ந்தன. பிறகும் நம்பாமல், பெர்னாட் மீன் பையை மாட்டி வரும் கைப்பிடியை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்தன.

உள்ளே வந்த ஜாரெட், டேடியைப் போலவே சாவியை அடுப்படி ஆணியில் மாட்டிவிட்டுக் கூடத்துக்குப் போனான்.

"யாருக்கு மம்மி தே ஓ?" என்ற மகள் அலீசியா, அம்மாவின் கையில் இருந்த டேடியின் கோப்பையைப் பார்த்ததும் ஜன்னலோரம் நின்றுவிட்டாள்.

"சத்தம் கேட்டுச்சு. கை அது பாட்டுக்கு எடுத்துருச்சு."

அலீசியா கிள்ளானில் ஒரு கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுக்கிறாள். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது இதே ஜன்னலோரம் நின்று அப்பாவைக் கேலி செய்தாள்.

"மொதல்ல பூனைக்கு ஒங்க மோட்டாரு வெறும் சத்தம்தான் டேடி. ஒவ்வொரு தடவையும் அதுக்குப் பின்னாடியே மீன் வந்துச்சுல்ல, இப்ப சத்தம் கேட்டாலே எச்சி ஊறுது. இதத்தான் கிளாஸ்ல கண்டிஷனிங்னு சொல்லித் தரேன்."

சுங்கை செம்பிலாங் படகுத்துறையில் மீன் எடைபோட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார் பெர்னாட். "ஒங்கம்மாவும் அதே கேஸ்தான் லா. நான் கேட்டத் தொறக்கறதுக்குள்ள தண்ணி கொதிக்குது. இவ மீனுகூட கேக்கமாட்டா."

"என்னயப் பூனையோட சேக்கறீங்களா?" என்று முரியல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பு வந்துவிட்டது.

இப்போதும் அதே அடுப்பின் முன்தான் நின்றாள். பூனைகள் இன்னும் நகரவில்லை.

"இதுங்க இனிமேயும் ஓடி வருமா?"

"கொஞ்ச நாளைக்கு வரும் மம்மி. சத்தம் மட்டும் கேட்டு மீன் வராமலே இருந்தா, மெல்ல மெல்ல விட்டுரும்."

"சத்தமே கேக்கலன்னா?"

அலீசியாவுக்கு அது பாடத்தில் இருக்கும் பதில்தான். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லவேண்டியிருந்தது.

"கேக்கலன்னா... அந்தப் பழக்கம் அப்படியே உள்ள இருக்கும். ரொம்ப நாளைக்கு."

முரியல் கோப்பையை வைத்துவிட்டு ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். அதில் மீன் வாடை இருந்தது.

ஜாரெட் வாசலில் தலையை நீட்டினான். "மெழுகுவர்த்தி பத்தல மம்மி. சாவி எங்க? மோட்டார்ல போனா சட்டுனு வாங்கிட்டு வந்துருவேன்."

"கார்ல போயேன்யா."

"முன்னால எல்லாரும் வண்டிய போட்டுருக்காங்க. எடுக்க முடியாது. குடுங்க மம்மி, ஃபாதர் வந்துருவாரு."

தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. முரியல் சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நடந்தே போய்ட்டு வாய்யா," என்றாள் மெதுவாக.