திரயோதசிக்கு இரண்டு நாள் முன்பு

"திவசத்துக்கு இன்னும் ரெண்டு நாள் கெடக்கு. அதுக்குள்ள எப்புடி ரெண்டு வருசம் முடியும்…"

"கொஞ்சம் பேசாம இருங்க அத்தை, ஐயா சொல்றத…"

"நான் ஏன் பேசாம இருக்கணும்? செத்தது எம் மகன். எந்த நாளு செத்தான்னு எனக்குத் தெரியாதா?"

"எனக்கும் புருசன்தான். ஒங்கள நம்பித்தானே நாளு கேட்டேன்…"

"கேட்ட. சொன்னேன். ஆவணி தேய்பிறை திரயோதசி. சனிப் பிரதோசம். அதுல என்ன பொய் இருக்கு?"

சட்டத்தரணி முத்துலிங்கம் மாமியார் பேச்சியம்மாவையும் மருமகள் நிலக்ஷியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கிஷாந்தின் மரணச் சான்றிதழை அவர்கள் பக்கமாகத் திருப்பி வைத்து, சிங்கள எழுத்துகளுக்கு நடுவே இருந்த எண்களைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார்.

"அம்மா, இதுல இருக்கிறது ஓகஸ்ட் முப்பத்தொண்ணு. இன்னைக்கு செப்டெம்பர் ஏழு. ஏழு நாள் பிந்திட்டீங்க."

"ஏழு நாளுதானே ஐயா."

"ஏழு நாளும் ஒண்ணுதான், ஏழு வருசமும் ஒண்ணுதான். ரெண்டு வருசத்துக்குள்ள வழக்குப் போடணும். போடலன்னா எதிர்ப்பக்கத்து வக்கீல் எழும்பி, நாள் தாண்டிப்போச்சுங்கிற அந்த ஒரு வார்த்தையத்தான் சொல்லுவாரு. ஒங்க மகன் எப்புடிச் செத்தாரு, லொறிக்கு பிரேக் இருந்துச்சா இல்லையா, ஒண்ணையும் கோர்ட்டு கேக்காது."

பேச்சியம்மாவுக்கு அது விளங்கவில்லை. விளங்காமல் இருப்பதே நல்லது போலவும் இருந்தது. "அப்ப போன சித்திரையில ட்ரைவருக்குத் தண்டம் அடிச்சாங்களே, அது?" என்றாள்.

"அது பொலிஸ் போட்ட வழக்கு. ட்ரைவர் குத்தத்த ஒத்துக்கிட்டாரு, தண்டம் கட்டினாரு, லைசனை நிப்பாட்டினாங்க. அதோட அது சரி. ஒங்க வீட்டுக்குச் சேர வேண்டியத லொறிச் சொந்தக்காரர்கிட்டயும் இன்சூரன்ஸ்கிட்டயும் கேக்கிறது வேற வழக்கு. அதை நீங்கதான் போடணும். அன்னைக்கே சொன்னேனே."

"சொன்னீங்க," என்றாள் நிலக்ஷி. "ரெண்டு வருசம் முடியறதுக்குள்ள கடுதாசியெல்லாம் கொண்டாங்கன்னு சொன்னீங்க. தேதி சொல்லல."

முத்துலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதிக் குடுத்திருக்கணும்," என்றார் மெதுவாக.

மேசையில் கிடந்த கடுதாசிகளைச் சேர்க்க நிலக்ஷிக்கு நாலு மாதம் ஆகியிருந்தது. தாலி கட்டியது தோட்டத்துக் கோயிலில், பதிவு கிடையாது. ஆகவே பெண்சாதி என்று காட்டக் கோயில் கமிட்டியில் ஒரு கடிதம், கிராம சேவகரிடம் ஒரு கடிதம். நோர்வூட் பொலிஸில் விபத்து அறிக்கை. நுவரெலியாவில் பிரேதப் பரிசோதனைத் தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் மலைக்குப் போகாமல், கொழுந்து பறிக்காமல், சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் ஏறினாள். எல்லாம் கைக்கு வந்த பிறகு அவள் மாமியாரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ரெண்டு வருசம் எப்ப அத்தை முடியுது?"

பேச்சியம்மா பஞ்சாங்கக் கலண்டரின் ஆவணி மாதத் தாளைப் பார்த்து, திரயோதசியில் கரிக்கோலால் வட்டம் போட்டுக் கொடுத்தாள். அந்தத் தோட்டத்து லயக் குடியிருப்பில் செத்தவர் யாருக்கும் தேதி கிடையாது, திதிதான். போன வருடம் திதி பதினோரு நாள் முந்தி வந்தது. இந்த வருடம் பிந்தி வந்தது. முந்தினாலும் பிந்தினாலும் சோறு படைக்கிற நாள் அதுதான். கிஷாந்துக்கு ஒரு வயது கூடுவதும் அன்றைக்குத்தான் என்பதுபோல அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாள் முந்தியே வந்துட்டோம்னு படி ஏறும்போது சொன்னீங்களே அத்தை," என்றாள் நிலக்ஷி. குரலில் கோபம்கூட இல்லை. பேச்சியம்மாவுக்கு அதுதான் சுட்டது.

"இனி ஒரு வழியும் இல்லையா ஐயா?"

"லொறி முதலாளி மனசு வச்சு ஏதாவது குடுத்தா வாங்கிக்கலாம். கேட்டுக் கடிதம் ஒண்ணு எழுதித் தாறேன். குடுக்கணும்னு அவருக்குக் கட்டாயம் இல்ல. போன மாசம் வரைக்கும் இருந்துச்சு."

ஹட்டன் பஸ் நிலையத்தில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நோர்வூட் பஸ்ஸில் பின்னால்தான் இடம் கிடைத்தது. பிளாஸ்டிக் உறையில் சுற்றிய கடுதாசிகளை நிலக்ஷி மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் டிக்கோயாவைத் தாண்டியது.

"கணேசமூர்த்திக்கு ஒரு போன் போடு புள்ள," என்றாள் பேச்சியம்மா. "நல்ல மனுசன். அந்தாளு முதலாளிகிட்ட எடுத்துச் சொல்லுவாரு."

கணேசமூர்த்தி அந்த லொறிச் சொந்தக்காரர் வீட்டுக் கணக்கப்பிள்ளை. சாவு விழுந்த மூன்றாம் நாளே சவப்பெட்டிச் செலவைக் கொண்டுவந்து கொடுத்தவர். கிஷாந்தின் படத்துக்கு முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டவர். அந்த வாசலுக்கு வந்த பெரிய ஆள் வேறு யாருமில்லை என்பதால் பேச்சியம்மாவுக்கு அவர்மீது ஒரு மரியாதை.

"அந்தாளுகிட்ட நம்ம கேஸ் விசயம் எப்ப பேசினீங்க?"

"நான் எங்க பேசினேன்? போன மாசம் நீ மலைக்குப் போயிருந்தப்ப வந்தாரு. பிளேன்டீ குடிச்சாரு. மருமக கோர்ட்டுக்குப் போறாளாமேன்னாரு. ஆமான்னேன்."

"பொறகு?"

"எப்ப போறீங்கன்னாரு. ரெண்டாம் திவசத்துக்குள்ள போகணும்னு ஐயா சொல்லியிருக்காருன்னேன்."

"ஐயா திவசம்னா சொன்னாரு?"

"ரெண்டு வருசம்னா திவசம்தானே புள்ள."

நிலக்ஷி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடியில் நீர் வழிந்தது. "அதுக்கு அந்தாளு என்ன சொன்னாரு?"

பேச்சியம்மாவுக்கு அந்தப் பேச்சு ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் வந்தது. கணேசமூர்த்தி எழும்பிப் போய், சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். வட்டம் போட்ட திரயோதசியில் விரலை வைத்தார். பிறகு அந்த விரல் தாளில் மேலே போனது. ஓகஸ்ட் முப்பத்தொண்ணில் கொஞ்ச நேரம் நின்றது. அப்போது அவர் ஏதோ நாள் கூட்டிப் பார்க்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"சரியா வச்சிருக்கீங்க பெரியம்மான்னாரு," என்றாள். "அவசரப்படாதீங்க, திவசம் நெருங்கட்டும், கடன் பட வேணாம், அரிசி நான் அனுப்புறேன்னாரு."

சொல்லச் சொல்லத்தான் அவளுக்கே விளங்கியது. வெற்றிலையை எடுக்கப் பைக்குள் கையை விட்டவள், எடுக்காமல் கையை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

நிலக்ஷி போனை எடுத்தாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். மூன்றாம் முறை போட்டபோது, மணி அடிக்கும் முன்பே நின்றது.

"வேலையா இருப்பாரு," என்றாள் பேச்சியம்மா.

"ஆமா. நம்மகிட்ட அவருக்கு இருந்த வேலதான் முடிஞ்சிருச்சே."

நோர்வூட்டில் இறங்கித் தோட்டத்துப் பாதையில் ஏறினார்கள். கிஷாந்த் அடிபட்ட வளைவு வந்தது. கொழும்புக்குத் தேயிலை ஏற்றிப் போன லொறி, ஹார்ட்வெயார் கடை வேலை முடிந்து வந்தவனை மண்மேட்டோடு சேர்த்து நசுக்கிய இடம். மேட்டில் இப்போது புல் முளைத்திருந்தது. எப்போதும் அங்கே நின்று நெற்றியைத் தொட்டுக்கொள்ளும் பேச்சியம்மா, இன்றைக்கு நிற்காமல் நடந்தாள்.

லயத்து வாசலில் பேத்தி லோஜினி ஒரு மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"லொறி மாமா வந்து குடுத்துட்டுப் போனாரு அப்பாயி. அப்பாவுக்குச் சோறு ஆக்கவாம்."

இருபத்தைந்து கிலோ சம்பா. பை பிரிக்கப்படவில்லை. மேலே ஒரு கட்டு ஊதுபத்தியும் நூல் சுற்றி வைத்திருந்தது. பக்கத்துக் காம்பரா வீட்டுக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்த செபமாலை, "குடுத்து வச்சவங்க, யாரு இந்தக் காலத்துல இப்புடி நெனச்சுப் பார்க்கிறா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பேச்சியம்மா குழந்தையை இறக்கிவிட்டாள். மூட்டையை உள்ளே இழுக்கவா, வெளியே தள்ளவா என்று தெரியாமல் அதன் காதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டு அரிசிப் பானையில் நாளைக் காலைக்கு மட்டும்தான் இருந்தது. சம்பளத்துக்கு இன்னும் மூன்று நாள்.

நிலக்ஷி கடுதாசிகளை உறையோடு கொண்டுபோய்க் கிஷாந்தின் படத்துக்கு அடியில் வைத்தாள். கலண்டரில் வட்டம் போட்ட நாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, திரும்பாமலே கேட்டாள்:

"நாளன்னைக்கு அவருக்கு எல போட்டுப் படைக்கிறப்ப, இந்த அரிசியத்தான் வடிக்கப் போறீங்களா, அத்தை?"