மடியில் இருந்த ரிமோட்டு

ஆயுத பூஜைக்கு ஒரகடத்துக் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்தாற்போல் லீவு விட்டிருந்தன. அந்த லீவுக்குத்தான் எல்லப்பன் தன் சம்பந்தியம்மா மரகதத்தை, மகள், மாப்பிள்ளை, பேரனோடு வல்லத்தில் தன் வீட்டுக்கு வரவழைத்திருந்தான். கறி ஆக்கிப் போடுவதற்கு மட்டுமில்லை. மகள் சுபஸ்ரீ போன் செய்யும் கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்த்தவள். பிரசவத்துக்கு நின்றுபோனவளை இப்போது மறுபடியும் கூப்பிடுகிறார்கள். போய் வா என்று மாமியார் வாயிலிருந்து வரவேண்டும்.

"நான் கேட்டா எதுத்துப் பேசுறா மாதிரி ஆயிடும்ப்பா. நீ கேட்டா அத்தை தட்ட மாட்டாங்க" என்று மகள் சொல்லி வைத்திருந்தாள்.

"வுடு, நான் பாத்துக்கிறேன்" என்றான் இவன்.

சொல்லிவிட்டானே தவிர பேச்சை எடுக்க வாய் வரவில்லை. கம்பெனிப் பெண்கள் என்றாலே மரகதத்துக்கு ஒரு இளக்காரம். "போனும் கையுமா பஸ் ஏறிடுதுங்க. எதப் பாக்குதுங்க, எதப் பேசுதுங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்று கல்யாணத்தின்போதே ஒரு தடவை சொன்னவள். அவள் மனசு குளிர்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துக் கேட்கலாம் என்று எல்லப்பன் காத்திருந்தான். மனசு குளிர அவன் கண்டுபிடித்த வழி பேய்ப் படம்.

யோசித்துத்தான் செய்தான். சம்பந்தி வீட்டோடு உட்கார்ந்து காதல் படம் பார்க்க முடியாது. அடிதடிப் படத்தில் பாதி நேரம் குடிக்கிறார்கள். பேய்ப் படத்தில் அந்தத் தொல்லை இல்லை. எலுமிச்சம்பழம், வேப்பிலை, கடைசியில் அம்மன். பெரியவர்கள் சின்னவர்கள் எல்லாரும் ஒன்றாக உட்காரலாம்.

வெள்ளியும் சனியும் அப்படியே போயின. ஜன்னலுக்குப் போர்வையை மாட்டி வீட்டை இருட்டாக்கிவிட்டுப் படத்தைப் போட்டான். மரகதம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விரல் சந்து வழியாகப் பார்த்தாள். பேய் வந்தால், "அய்யோ, பின்னால நிக்கிறாடி, திரும்பாத!" என்று டிவிக்குச் சொன்னாள். அம்மன் வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ம்மா, நீ கத்துற கத்துல பேயே வேற வூடு பாத்துக்கினு போயிடும்" என்றான் அவள் மகன், சுபஸ்ரீயின் புருஷன் மோகன்.

"போடா. உங்கப்பனோட குடும்பம் பண்ணவளுக்குப் பேயா பயம்?" என்றாள். எல்லப்பனின் பெண்சாதி கங்கா வாய்விட்டுச் சிரித்தாள். காரியம் பலித்தது என்று எல்லப்பனும் நினைத்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு மேல் கேட்டுவிடுவது.

ஞாயிறு மத்தியானம் தமிழ்ப் பேய்கள் தீர்ந்துபோயின. புதுசாக என்ன இருக்கிறது என்று எல்லப்பனே தேடினான். தலை நரைத்த பிறகு எழுத்துக் கூட்டப் பழகியவன், திரையில் எதைக் கண்டாலும் வாய்க்குள் ஒரு தடவை படிக்காமல் விடமாட்டான். பாழடைந்த பங்களா ஒன்று, அதன் மேலே நிலா. வெள்ளைக்காரப் படம், ஆனால் தமிழில் பேசும் என்று போட்டிருந்தது. ஓரத்தில் சின்னதாகப் பதினெட்டு என்று இருந்ததையும் படித்தான். பேய் அவ்வளவு பயங்கரம் போலிருக்கிறது, அதனால் பிள்ளைகளுக்கு ஆகாது என்று எடுத்துக்கொண்டான். பேரனோ தூங்குகிறான். அமுக்கிவிட்டான்.

சுபஸ்ரீ அடுப்படி வாசலில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

பங்களாவுக்கு ஒரு பையனும் ஒரு பெண்ணும் வந்தார்கள். கதவு கிரீச்சென்றது. மரகதம் முந்தானையை எடுத்துத் தயாரானாள். "இப்ப வரும் பாருங்க" என்றான் எல்லப்பன்.

வரவில்லை. அந்தப் பையன் பெண்ணின் இடுப்பைப் பிடித்தான். முத்தம் கொடுத்தான். விடாமல் கொடுத்தான். அவள் சட்டைப் பித்தானில் கை வைத்தான். எல்லப்பன் இருமினான். மோகன் போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். பேயே, எங்கடி இருக்க, சீக்கிரம் வந்து தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினான் எல்லப்பன். சட்டை கழன்று விழுந்தது.

ரிமோட்டை அமுக்கினான். வேலை செய்யவில்லை. பின்மூடி தொலைந்து ரப்பர் பேண்டு போட்ட ரிமோட்டு அது, தட்டினால்தான் கேட்கும். முழங்காலில் ஓங்கித் தட்டினான். படம் அப்படியே நின்றது. எது நிற்கக் கூடாதோ அது நின்றது, சுவர் அகலத்துக்கு.

கங்கா எழுந்து ஓடி பிளக்கைப் பிடுங்கினாள்.

அறை இருட்டாயிற்று. எல்லப்பனுக்குக் காது ரெண்டும் கொதித்தன. என்னமோ சொல்லியாக வேண்டும்போல் இருந்தது. வாய்க்கு வந்தது வெளியே விழுந்தது.

"இன்னாமே இது, சுபா? நீதான இத வெச்ச? கம்பெனி பஸ்ல போன்ல இதத்தான் பாத்துக்கினு போவீங்களா?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே தெரிந்தது. எந்த வார்த்தை அந்த வீட்டில் விழக்கூடாதோ அதைப் பெத்த அப்பனே எடுத்துப் போட்டிருந்தான்.

சுபஸ்ரீ கத்தியைக் கீழே வைத்தாள். அவனைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. யாரோ என்று பார்ப்பதுபோல் இருந்தது.

"ஆமாம்ப்பா. தெரியாம வெச்சிட்டேன்" என்றாள்.

கடைக்குப் போகிறேன் என்று எல்லப்பன் வெளியே வந்துவிட்டான். வாங்க ஒன்றுமில்லை. பூஜை போட்டு நிறுத்தியிருந்த கம்பெனி பஸ்களைத் தாண்டி நடந்தான். ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், காலடியில் உடைத்த பூசணிக்காய். ஒரு பஸ்ஸின் நிழலில் குந்தினான். மூட்டை தூக்கிக் காய்த்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்து ஒடியும் அளவுக்குச் சுமந்திருக்கிறான். ஒரு சின்ன வெட்கத்தைச் சுமக்க முடியாமல் மகள் தலையில் இறக்கிவிட்டானே. போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தான். பிறகு உட்கார்ந்தான். மறுபடியும் எழுந்தான்.

திரும்பி வந்தபோது மரகதம் ஊருக்குக் கிளம்பத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சம்பந்திம்மா... அந்தப் படம்... அது சுபா வெக்கல. நான்தான் வெச்சேன்."

மரகதம் நிமிரவில்லை. "தெரியும்ணே. ரிமோட்டு உங்க மடியிலதான இருந்துது. அது பாவம், வெங்காயம் அரிஞ்சிக்கினு இருந்துது."

இன்னொரு புடவையை எடுத்து உதறினாள்.

"படத்தப் பாத்து எனக்கு ஒண்ணும் வெக்கம் வரலண்ணே. நானும் புள்ள பெத்தவதான். நீங்க சொன்னீங்களே ஒரு வார்த்த, அதுக்கப்புறம்தான் தலைய எங்க வெச்சிக்கிறதுன்னு தெரியல."

"தப்புதாம்மா. வாய் தவறி வந்துடுச்சி. அவ வேல விஷயமா உங்ககிட்ட..."

"அத அவளே கேட்டுட்டா. நீங்க கடைக்குப் போயிருந்தப்ப."

"இன்னா சொன்னீங்க?"

"சொல்லவேண்டியத அவகிட்ட சொல்லிட்டேன்" என்று மரகதம் பையின் ஜிப்பை இழுத்தாள்.

உள்ளே சுபஸ்ரீ, "ம்மா, என் கம்பெனி ஷூ எங்க வெச்ச?" என்று கேட்டாள். கங்கா பரணிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை இறக்கி ஊதித் துடைத்துக் கொடுத்தாள். மரகதம் அதை வாங்கி, மூடிய ஜிப்பை மறுபடி திறந்து, தன் புடவைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள்.

எல்லப்பனுக்குச் சந்தோஷம் பொங்கியது. பொங்கியதைக் காட்ட முகமில்லை. நீ கேளுப்பா என்று சொன்ன பிள்ளை, இனிமேல் எதையும் கேட்கச் சொல்ல மாட்டாள்.

பஸ் ஸ்டாப் வரைக்குமாவது தூக்கி வரலாம் என்று பையை வாங்கக் கை நீட்டினான்.

"வேணாம்ப்பா. கனமா ஒண்ணும் இல்ல" என்றாள் சுபஸ்ரீ, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. மோகன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். நாலு பேரும் தெரு திரும்பும் வரை கங்கா வாசலில் நின்றாள். எல்லப்பன் உள்ளேயே நின்றான். ஜன்னலில் போர்வை இன்னும் அப்படியே தொங்கியது. அதை எடுத்தால் வெளிச்சம் வரும்.