வாளிக்குள் போன்கள்

முதியோர் எழுத்தறிவு வகுப்பு நடத்துகிற ஆசிரியர்களிடம் போய், "போனையும் நெட்டையும் வைத்துப் பாடம் நடத்துங்கள்" என்று சொல்லிக் கொடுப்பது என் வேலை. கேட்கச் சுலபமாக இருக்கும். விருதுநகரில் பஸ் ஏறி ஊர் ஊராகப் போய்வருகிற எனக்குத்தான் தெரியும், அது கல்லில் நார் உரிக்கிற வேலை. அதிலும் திருத்தங்கல் ரோஷன் பேகம் டீச்சரிடம் நார் என்ன, தூசுகூடப் பெயரவில்லை.

ஒரு காலண்டர் அச்சகத்தின் குடோனை ஒட்டிய அறையில் அவருடைய வகுப்பு. தப்பாக அச்சான காலண்டர் தாள்களின் பின்பக்கம்தான் எழுதிப் பழகுகிற நோட்டு. பட்டாசு ஆலை வேன் இறக்கிவிட்டதும் பெண்கள் வீட்டுக்குப் போய்க் குளித்து, சோறு வடித்து வைத்துவிட்டு வருவார்கள். கரும்பலகை முன்னால் நின்றால் டீச்சருக்கு நிகர் கிடையாது, அதை நான் மறுக்க மாட்டேன். போன் என்று பேச்சை எடுத்தால் மட்டும் முகம் இறுகிவிடும்.

"அதெல்லாம் எதுக்கும்மா? இவுகளுக்கு எழுத்து வந்தாப் போதும்" என்பார்.

அவர் கொடாக்கண்டர் என்றால் நான் விடாக்கண்டி. அவரைக் கேட்காமலே பெண்களிடம், "நாளைக்கு எல்லாரும் போனோட வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

போனோடுதான் வந்தார்கள். ஆனால் வந்தவர்கள் ஒவ்வொருவராக வாசலில் நின்று, போனை அணைத்து, அங்கே கிடந்த காலி பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். நான் பாடத்துக்குத் தயாராக நிற்கிறேன், எல்லார் கையும் வெறுங்கை. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"கொண்டாரச் சொன்னது வாளிக்குள்ள போடவா?"

கடைசி வரிசையிலிருந்து முத்துப்பேச்சி சொன்னாள். "கம்பெனி கேட்டுல அப்படித்தானம்மா வைப்போம். வெடிமருந்து இருக்குற எடத்துக்குப் போன் கொண்டுபோகக் கூடாதுல்ல. செக்யூரிட்டி பெட்டில போட்டுட்டுத்தான் உள்ள விடுவாக. இங்கனயும் கை தன்னால வச்சிருச்சு."

அறையே சிரித்தது. என் கோபமும் போன இடம் தெரியவில்லை. டீச்சர் மட்டும் சிரிக்காமல் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ அணைக்க மறந்த போன் ஒன்று அதற்குள் மணியடித்தது. டீச்சர் சாக்பீஸைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

பின்னாலேயே போனேன். குடோன் சுவரில் சாய்ந்து நின்றார்.

"முன்னால ஒரு கம்பெனி வெடிச்சுச்சே, அன்னைக்கு ஓடுனேன் செல்வி. ராமுத்தாய்னு எங்கிட்டப் படிச்சவ அங்கன வேலை பாத்தா. போன் போட்டுக்கிட்டே ஓடுறேன். கேட்டுல போய் நிக்கிறேன், செக்யூரிட்டி பெட்டிக்குள்ள இருந்து அடிக்குது. அவ போன் மட்டுமில்ல, அம்புட்டுப் பேரு போனும் அடிக்குது. எடுக்கத்தான் ஆளில்ல. பேரு எழுத அவளுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். அந்தப் பேரை மறுநாள் பேப்பர்ல பாத்தேன்."

இனி இவரைத் தொந்தரவு செய்வதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் அவரே கூப்பிட்டார்.

"செல்வி, வெடிச்சுட்டா அன்னைக்கு யாருக்கும் லைன் கெடைக்காது. ஊரே போன் போடும். எழுதி அனுப்புனாப் போகுமா?"

"நெட்டு கொஞ்சம் கெடைச்சாலும் போயிரும் டீச்சர்."

"அப்ப வாங்க. இவுகளுக்கு அதச் சொல்லிக் குடுக்கணும். மொதல்ல எனக்குச் சொல்லிக் குடுங்க."

நான் மாதக்கணக்கில் தொண்டை வறளச் சொன்னதெல்லாம் வீண். அவருக்கு வேண்டியது வந்ததும் ஒரே மூச்சில் கற்றுக்கொண்டார். வகுப்புக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தோம். பெண்களைப் போனைத் திறக்க வைத்து, டீச்சர் பலகையில் பெரிதாக எழுதினார்: நல்லா இருக்கேன்.

"எங்கயாவது சத்தம் கேட்டா கேட்டுக்கு ஓடியாங்க. போன எடுத்து மொதல்ல இத எழுதி அனுப்புங்க. பெறகு அழுறவுக அழுங்க."

முத்துப்பேச்சிக்குத்தான் முடியவில்லை. வெடிச் சரம் பின்னிப் பின்னித் தேய்ந்த விரல். எத்தனை தரம் அழுத்தினாலும் போன் கண்ணாடி அதை மதிக்கவில்லை.

"பேசி அனுப்புனாப் போதாதா டீச்சரம்மா? எம்பேரத் தவிர எனக்கு ஒண்ணும் எழுத வராதே."

"அங்கன இருக்குற கூப்பாட்டுல உன் கொரலு யாருக்குக் கேக்கும்? எழுதிப் பழகு" என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தீபாவளி சீசன் நெருங்கிய ஒரு மதியம். வாசிப்புப் பாடம் ஒன்றை நெட்டிலிருந்து இறக்க டீச்சருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் கதவு அதிர்ந்தது. பிறகுதான் சத்தம் கேட்டது. மேற்கே, எங்கள் பெண்கள் வேலை பார்க்கிற பக்கம் புகை எழுந்தது.

டீச்சர் பர்தாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஓடாதீக டீச்சர். போனப் பாருங்க."

போன் சும்மா கிடந்தது. அந்தச் சில நிமிடங்களை எதிரிக்குக்கூட நான் கொடுக்க மாட்டேன். பிறகு டிங் என்றது. 'நல்லா இருக்கேன்.' மறுபடி டிங். டீச்சர் ஒவ்வொரு பேரையும் வகுப்பில் கூப்பிடுகிற மாதிரியே சத்தமாக வாசித்தார். சிலருடையது பாதியில் நின்றது, சிலருடையதில் எழுத்து இடம் மாறியிருந்தது. டீச்சர் ஒன்றுக்கும் கோபப்படவில்லை.

முத்துப்பேச்சி மட்டும் வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தோம், லைன் போகவில்லை.

"பேசியே அனுப்புடின்னு விட்டுருக்கணும். நான்தான் எழுது எழுதுன்னு புடிவாதம் புடிச்சேன்."

நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தைரியம் சொல்ல என்னிடமே தைரியம் இல்லை.

டிங்.

'முத்துப்பேச்சி.'

அவ்வளவுதான் வந்திருந்தது. டீச்சர் வாசித்தார். திரும்பவும் வாசித்தார். "பேரு வந்துருச்சு செல்வி. அவளே எழுதி வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே சுவரோரம் உட்கார்ந்து அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். எல்லாரும் சாப்பாட்டுக்கு மரத்தடிக்கு வந்திருந்த நேரத்தில் ஒரு மருந்து அறை வெடித்திருக்கிறது, ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒற்றை விரலால் எதையோ தட்டத் தொடங்கினார். நான் எட்டிப் பார்த்தேன்.

'முத்துப்பேச்சி, சாயங்காலம் கிளாஸ் உண்டு. மிச்சத்தையும் எழுதணும்.'