நான்காவது தக்பீர்

கடையநல்லூரிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து சுக்குக் கிடங்கில் மூட்டை தூக்கிய பன்னிரண்டு பேரில், சின்ன வயதில் குர்ஆன் ஓதப் போனவன் மசூது ஒருவன்தான். அதுவும் இரண்டே வருடம். குரல் கணீரென்று இருந்ததால் தங்கியிருந்த வீட்டில் தொழுகைக்கு அவனையே முன்னால் நிறுத்தினார்கள். லெப்பை என்று கூப்பிட்டார்கள். அவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எழுபத்தொன்பதில், மழை தொடங்கிய வாரம், கிடங்கில் கூட வேலை பார்த்த, மனைவியோடு தனியாகக் குடியிருந்த முனீர் காய்ச்சலில் இறந்துபோனான். பள்ளிவாசல் உஸ்தாது ஊரில் இல்லை. கொட்டுகிற மழையில் உள்ளூர்க்காரர் யாரும் நிற்கவில்லை. மையவாடியில் குழிக்குப் பக்கத்தில் எல்லோரும் மசூதைப் பார்த்தார்கள். அவன் போய் நின்று ஜனாஸா தொழுகையை நடத்தினான். முனீரை அடக்கிவிட்டு நனைந்தபடி திரும்பினார்கள்.

ஐந்து மாதம் கழித்து, கிடங்கு மேஸ்திரியின் தகப்பனார் ஜனாஸாவில் மசூது பின்வரிசையில் நின்றான். உஸ்தாது மூன்று முறை தக்பீர் சொன்னார். தொழுகை முடிந்ததென்று மசூது ஸலாம் கொடுக்கத் தலையைத் திருப்பினான். அப்போது நான்காவதாக ஒரு 'அல்லாஹு அக்பர்' கேட்டது. அவனுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. ஜனாஸாவுக்கு நான்கு தக்பீர் சொல்லவேண்டும்; முனீருக்கு அவன் மூன்றுதான் சொல்லியிருந்தான். பின்னால் நின்ற பத்துப் பேருக்கும் தெரியவில்லை.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தொழுகை இல்லாமல் மண்ணுக்குள் கிடக்கும் முனீர் என்ன பாடுபடுகிறானோ என்றே நினைத்துக்கொண்டிருந்தான். உஸ்தாதிடம் கேட்கலாம், ஆனால் விஷயம் பள்ளிவாசல் கமிட்டிக்குப் போனால் தமிழர்களுக்கு இனி மையவாடியில் இடம் கிடைக்குமோ என்னவோ. எர்ணாகுளம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஷேக் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் படகேறிப் போனான். இவன் வாய் திறப்பதற்குள் அவர் ஜின் பிடித்திருக்கிறது என்று கையில் தாயத்தைக் கட்டிவிட்டார். ஆலுவாவில் பெரிய ஆலிம் ஒருவர் இருந்தார். அவர் மலையாளத்தில் பேசியது பாதி புரியவில்லை. புரிந்த பாதி கபர் குழிக்குள் நடக்கும் வேதனையைப் பற்றியது. கேட்க வந்ததைக் கேட்காமலே ரயிலேறிவிட்டான்.

கிடங்கில் சுக்குப் புடைக்கும் அம்மிணிதான் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தாள். ஓதிக்கொடுக்க ஆள் தேடுவதாக மட்டும் சொன்னான்.

"எங்க வீட்டுக்கு அடுத்து ஓதிக்கொடுக்குற ஒரு தமிழ் உம்மா உண்டல்லோ. காயல்பட்டணம். வியாழாழ்ச பெண்ணுங்க எல்லாம் அவிட கூடும். நீங்க ஆம்பளைங்க யாரும் கேட்டதில்ல, அதான் அறியல்ல."

வியாழக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அந்தச் சந்துக்குப் போனான். உள்ளே பெண்கள் ராகமாக ஓதிக்கொண்டிருந்தார்கள். திரும்பிவிடலாமா என்று இரண்டு முறை நடை தயங்கியது. அவன் ஸலாம் சொன்னதும் ஓதல் நின்றது. வாசலில் தொங்கிய சேலைத் திரைக்குப் பின்னால் வந்து நின்ற அந்தம்மாவின் குரல் வயதான குரலாக இல்லை. பெயர் கேட்கவில்லை, என்ன விஷயம் என்றுதான் கேட்டாள். மசூது தரையைப் பார்த்தபடி முனீர் பெயரைச் சொல்லி, மழையைச் சொல்லி, மூன்று தக்பீரையும் சொல்லி முடித்தான். உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது.

"பின்னால நின்னவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது லாத்தா. சொல்லப் பயமா இருக்கு."

கபருக்கு முன்னால் நின்று தொழலாம், மார்க்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்றாள் அவள். அவனுக்கு மூச்சு வந்தது. ஆனால் அன்று பின்னால் நின்றவர்களிடம் மறைக்கக் கூடாது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னொண்ணு. முனீர் பொண்டாட்டி சகீலா, வீட்டுக்குள்ளயே இத்தா இருந்து முடிஞ்சு, இன்னைக்குத்தான் இங்க வந்திருக்காஹ. எல்லாத்தையும் கேட்டுட்டாஹ."

திரை அசைந்தது. சகீலாவின் குரல் அழவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"எங்க மாப்பிள்ளை அஞ்சு மாசமா அப்படியேவா கிடக்காக?"

மசூது தலையாட்டியதும் அவளே தொடர்ந்தாள்.

"நாளைக்கு ஜும்ஆ முடிஞ்சதும் தொழ வையுங்க. வேற ஆளைக் கூப்பிடாதீங்க. நீங்களேதான் வைக்கணும். நான் வெளிய மையவாடி கேட் பக்கத்துல நிப்பேன்."

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புமுன் அவன் பத்துப் பேரையும் உட்கார வைத்துச் சொன்னான். முனீரின் தம்பி ரஷீது எழுந்து வந்து அவன் சட்டையைப் பிடித்தான். பிறகு விட்டுவிட்டு, தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே போனான். ரஷீதும் அவன் சேக்காளிகள் இரண்டு பேரும் மையவாடிக்கு வரவில்லை. ஏழு பேர் வந்தார்கள். உஸ்தாதிடமும் சொல்லவேண்டியதாயிற்று. அவர் தாடியைத் தடவிவிட்டு, போய்த் தொழுங்கள் என்றார். கமிட்டி என்ற பேச்சையே எடுக்கவில்லை.

புல் முளைத்திருந்த மண்மேட்டுக்கு முன்னால் மசூது கை கட்டினான். மூன்றாவது தக்பீருக்குப் பிறகு நாக்கு ஒட்டிக்கொண்டது. பின்னால் ஏழு பேரும் காத்திருந்தார்கள். எவ்வளவு நேரமோ தெரியவில்லை. பிறகு குரல் வந்தது, உடைந்து.

வெளியே வந்தபோது சகீலா முக்காட்டுக்குள்ளிருந்து, "ஆச்சா?" என்று மட்டும் கேட்டாள். ஆச்சு என்றான். போய்விட்டாள். அதன் பிறகு அவனோடு அவள் பேசியதே இல்லை.

வீட்டில் அவனை யாரும் முன்னால் நிற்கச் சொல்லவில்லை. அவனே காயல்பட்டணத்தம்மாவிடம் போய்க் கேட்டான். திங்கட்கிழமைகளில் ஆண்கள் வாசல்படியில் உட்கார, அவள் திரைக்குப் பின்னாலிருந்து ஓதிக்கொடுக்கத் தொடங்கினாள். தொழுகைக்கு முன் கை கால் கழுவும் ஒளுவிலிருந்து ஆரம்பித்தாள். நான்காம் வாரம் ரஷீதும் வந்தான். மசூதின் பக்கம் திரும்பாமல் கடைசிப் படியில் உட்கார்ந்தான்.

ஒருநாள் மசூதை, எல்லாத் தொழுகையிலும் ஓதும் ஃபாத்திஹாவை ஓதச் சொன்னாள். பாதியில் நிறுத்தினாள். ஓர் எழுத்தை அவன் தப்பாக உச்சரித்துக்கொண்டிருந்தான். எத்தனை வருடமாக, எத்தனை பேருக்கு முன்னால் நின்று.

"அப்ப, அந்தத் தொழுகை எல்லாம் லாத்தா..."

"அதை அல்லாட்ட விடுங்க. இப்ப திரும்ப ஓதுங்க."

ஓதினான். அதே இடத்தில் அவள் மறுபடி நிறுத்தினாள்.